எது எதை நம்பி நிற்கிறது? சர்வீஸ்களுக்கும் ரிசோர்ஸ்களுக்கும் இடையிலான உறவை எழுதிவைப்பது எப்படி

எந்த ஐடி குழுவின் வெள்ளைப் பலகையைப் பார்த்தாலும் நாலைந்து கட்டங்கள் இருக்கும், நடுவே அம்புக்குறிகள் இருக்கும். கட்டங்களுக்குப் பெயர் உண்டு: ஆர்டர், பேமென்ட், ஸ்டாக், டேட்டாபேஸ். ஒரு வேலையைச் செய்துதரும் நிரல் சர்வீஸ்; அது நம்பியிருக்கும் டேட்டாபேஸ், டிஸ்க் போன்றவை ரிசோர்ஸ். அம்புக்குறிகளுக்குப் பெயர் கிடையாது. கோளாறு வரும் நாளில் நமக்குத் தேவைப்படுவதோ அந்தப் பெயர்கள்தான்.

ஆர்டர் சர்வீஸிலிருந்து டேட்டாபேஸுக்கு ஓர் அம்பு போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் அதை அழைக்கிறது என்று பொருளா? தகவல் அந்தப் பக்கம் போகிறது என்று பொருளா? டேட்டாபேஸ் ஆர்டருக்கே சொந்தம் என்று பொருளா, இல்லை இன்னும் மூன்று சர்வீஸ்களோடு பங்குபோட்டுக்கொள்கிறதா? வரைந்தவருக்கு அன்றைக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து அவருக்கே சந்தேகம் வரும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் உதாரணத்தைக் கையில் எடுப்போம். காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை; அடுப்படியும் பேக்கிங்கும் கானாடுகாத்தானில். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் எல்லாம் ஆன்லைனிலும் விற்கிறார்கள். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பார்சல் போகிறது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம்தான் ஆண்டின் பெரிய வியாபாரம். பின்னால் ஆர்டர், பேமென்ட், ஸ்டாக், பார்சல், மெசேஜ் என்று ஐந்து சர்வீஸ்கள் மும்பை டேட்டா சென்டரில், நிரல்களைப் பல சர்வர்களில் ஏற்றி ஓட்டும் மென்பொருளான குபர்நெட்டிஸ் மேல் ஓடுகின்றன. ரிசோர்ஸ்கள் என்று பார்த்தால் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஒரு ரெடிஸ் கேஷ் (அடிக்கடி கேட்கும் தகவலை நினைவகத்தில் வைத்திருப்பது), ஒரு மெசேஜ் க்யூ (செய்திகள் வரிசையில் காத்திருக்கும் இடம்), படங்கள் வைக்கும் ஸ்டோரேஜ், டொமைன் பெயர், தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஎல்எஸ் சான்றிதழ். கடையில் இருக்கும் ரூட்டரும் யுபிஎஸ்ஸும்கூட இந்தக் கணக்கில் வரவேண்டும். பெரும்பாலும் அவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

உறவுக்கும் வகை உண்டு

குறைந்தபட்சம் நான்கு வகைகளையாவது பிரித்து எழுதவேண்டும். ஒன்று மற்றொன்றை அழைத்துப் பதிலுக்குக் காத்திருப்பது: ஆர்டர், பேமென்ட்டை அழைப்பதுபோல. ஒன்று மற்றொன்றின் மேல் ஓடுவது: பாட் (குபர்நெட்டிஸில் ஓடும் நிரலின் ஒரு பிரதி) ஒரு நோடின் (சர்வரின்) மேல் ஓடுவதுபோல. ஒன்று மற்றொன்றுக்குச் சொந்தமாயிருந்து அதோடு பிறந்து அதோடு போவது. கடைசியாக, பலர் ஒன்றைப் பகிர்ந்துகொள்வது.

செட்டிநாட்டு வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதாக இருக்காது. வளவு எல்லாருக்கும் பொது. அதைச் சுற்றியுள்ள அறைகளோ கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனித்தனி, உலையும் தனி. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர், விசேஷத்துக்கு வாடகைக்கு எடுப்பவர் வேறொருவர். விற்கவேண்டுமென்றால் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடவேண்டும். இவர்கள் எல்லாரையும் ‘வீட்டுக்குச் சம்பந்தப்பட்டவர்கள்’ என்று ஒரே பட்டியலில் எழுதிவைத்தால் அந்தப் பட்டியலை வைத்து ஒரு முடிவும் எடுக்கமுடியாது.

இதை முறைப்படுத்தும் முயற்சிகள் பழையவை. ஐடி நிர்வாகத் தரங்களை வகுக்கும் டிஎம்டிஎஃப் அமைப்பின் ‘சிம்’ (CIM) மாதிரியில் உறவு என்பதே ஒரு தனி வகுப்பு. இரு முனைகளையும் சுட்டுவதோடு தனக்கென்று சொந்தப் பண்புகளையும் அது வைத்துக்கொள்ளலாம். ஓயாசிஸ் என்ற தர அமைப்பு 2013-ல் தரமாக வெளியிட்ட டாஸ்கா (TOSCA), பிறகு வந்த அதன் யாமல் (எளிய உரைக் கோப்பு) வடிவத்தில், ‘ஹோஸ்டட்-ஆன்’, ‘கனெக்ட்ஸ்-டு’, ‘டிபெண்ட்ஸ்-ஆன்’, ‘அட்டாச்சஸ்-டு’, ‘ரூட்ஸ்-டு’ என்று உறவுகளுக்குப் பெயரே வைத்துவிட்டது. இந்தத் தரங்களை அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் கடைகள் குறைவு. ஆனால் இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஓடும் கோடும் கட்டத்துக்கு இணையான ஒரு பொருள், அதற்கும் பண்புகள் உண்டு என்ற எண்ணத்தை மட்டுமாவது அவற்றிலிருந்து கட்டாயம் எடுத்துக்கொள்ளவேண்டும். இந்தக் கட்டுரையில் மீதி சொல்லப்போவதெல்லாம் அந்தப் பண்புகளைப் பற்றித்தான்.

முதலில் திசை. ஆர்டர் சர்வீஸ் க்யூவில் ஒரு செய்தியைப் போடுகிறது. மெசேஜ் சர்வீஸ் அதை எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்புகிறது. தகவல் ஆர்டரிலிருந்து மெசேஜுக்குப் போகிறது. பாதிப்பு எந்தப் பக்கம் போகும்? மெசேஜ் சர்வீஸ் நின்றால் ஆர்டருக்கு உடனே ஒன்றும் ஆகாது, செய்திகள் க்யூவில் சேர்ந்துகொண்டிருக்கும். யாரும் கவனிக்காமல் விட்டால் க்யூவின் டிஸ்க் நிரம்பும். நிரம்பியபின் க்யூ புதிய செய்திகளை வாங்க மறுக்கும். அப்போது ஆர்டரும் நிற்கும். ஆகவே இந்த உறவுக்கு ஓர் அவகாசம் உண்டு: டிஸ்கில் காலியாக இருக்கும் இடத்தை மணிக்கு வந்து சேரும் அளவால் வகுத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று தெரிந்துவிடும். அந்த எண்ணைக் கோட்டின் மேலேயே எழுதிவைக்கலாம். என் பரிந்துரை: அம்பு எப்போதும் ‘யார் யாரை நம்பியிருக்கிறார்’ என்பதை மட்டுமே காட்டட்டும். தகவல் ஓட்டத்துக்கு வேறு படம் போட்டுக்கொள்ளலாம்.

அளவு எழுதாத கோடு

மாதிரிகளில் அதிகம் விடுபடுவது அளவு. இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் விழா நேரத்தில் கடையைப் படுக்கவைப்பது பெரும்பாலும் இதுதான்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய இணைப்புகளின் இயல்பான உச்சவரம்பு 100. அதில் 3 சூப்பர்யூசருக்கென்று (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக்கு) ஒதுக்கப்பட்டவை. நமக்குக் கிடைப்பது 97. ஆர்டர் சர்வீஸுக்கு 8 பாட்கள். ஒவ்வொன்றும் 10 இணைப்புகளைத் திறந்தே வைத்துக்கொள்ளும் ஒரு தொகுப்பை, அதாவது பூலை, வைத்திருக்கிறது. ஜாவா உலகில் பலரும் பயன்படுத்தும் ஹிகாரி பூலின் இயல்பான அளவே 10 என்பதால் இதை யாரும் தேர்ந்தெடுத்திருக்கக்கூட மாட்டார்கள். ஆக 80. ஸ்டாக் சர்வீஸில் 2 பாட்கள், ஆளுக்கு 5, ஆக 10. மொத்தம் 90. எல்லாம் சரியாக இருக்கிறது, மாதக்கணக்கில் ஓடுகிறது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு சின்னத் திருத்தத்தை வெளியிடுகிறார்கள். குபர்நெட்டிஸ் புதிய பாட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழையவற்றை இறக்கும். கூடுதலாக எத்தனை ஏற்றலாம் என்பதன் இயல்பு 25 விழுக்காடு, 8-க்கு 2. ஆக ஒரு கட்டத்தில் 10 பாட்கள் உயிரோடு இருக்கும், 100 இணைப்புகள் கேட்கும். ஸ்டாக்கின் 10-ஐயும் சேர்த்தால் 110. அது மட்டுமல்லாமல் இறங்கச் சொல்லப்பட்ட பழைய பாட்கள் இயல்பாக 30 விநாடி வரை தங்கள் வேலையை முடித்துக்கொள்ள அவகாசம் பெறும். அந்த அவகாசத்தில் இணைப்புகளைக் கையிலேயே வைத்திருக்கும். 97-ஐத் தாண்டியவுடன் டேட்டாபேஸ் புதிய இணைப்புகளை மறுக்கிறது. புதிய பாட்கள் தயார்நிலைச் சோதனையில் தோற்கின்றன. வெளியீடு பாதியில் நிற்கிறது. பாதிக்கப்படுவது ஆர்டர் மட்டுமில்லை. ஒரு வரிகூட மாற்றப்படாத ஸ்டாக் சர்வீஸும் இணைப்பு அறுந்து மறுபடி கேட்கும்போது வெளியே நிற்கிறது.

திருத்தத்தில் தவறு தேடுவார்கள், கிடைக்காது. தவறு இருப்பது வெறும் ‘பயன்படுத்துகிறது’ என்று எழுதப்பட்ட கோட்டில். அதில் ‘பாட்டுக்கு அதிகபட்சம் 10, பாட்கள் அதிகபட்சம் 12’ (இறங்கிக்கொண்டிருப்பவையும் சேர்த்து) என்றும், டேட்டாபேஸ் கட்டத்தில் ‘தாங்குவது 97’ என்றும் எழுதியிருந்தால் கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பூலை 6 ஆக்கினால் 12 பாட்கள் இருந்தாலும் 72, ஸ்டாக்கோடு 82. அல்லது நடுவே, சில இணைப்புகளைப் பலருக்கும் மாற்றி மாற்றித் தரும் பிஜிபவுன்சர் வைக்கலாம். ஆனால் அதை டிரான்சாக்‌ஷன் முறையில் (ஒரு டேட்டாபேஸ் வேலை முடிந்ததும் இணைப்பை அடுத்தவருக்குத் தரும் முறை) ஓட்டினால், ஒரே இணைப்பு தன் கையிலேயே இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல்கள் உடையும். செஷன் அளவில் போடும் பூட்டுகளும், அறிவிப்புக்காகக் காத்திருக்கும் நிரல்களும் அந்த வகை. நடுவில் ஒன்றைச் சேர்க்கும்போது ஒரு கோடு இரண்டு கோடாகிறது. இரண்டிலும் புதிய நிபந்தனைகள் வந்து உட்காருகின்றன.

காத்திருக்கும் நேரமும் ஓர் அளவுதான். பேமென்ட் சர்வீஸ் வங்கியின் பதிலுக்கு 5 விநாடி காத்திருக்கிறது. ஆர்டர் சர்வீஸோ பேமென்ட்டுக்காக 2 விநாடிதான் காத்திருக்கிறது. மூன்றாவது விநாடியில் வாடிக்கையாளருக்கு ‘தோல்வி’ என்று காட்டியாகிவிட்டது. நான்காவது விநாடியில் பணம் போய்விட்டது. அவர் மறுபடி பட்டனை அழுத்துகிறார். அழைப்பவரின் காத்திருப்பு அழைக்கப்படுபவரின் காத்திருப்பைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும் என்ற ஒரே விதியைச் சங்கிலி முழுக்கச் சரிபார்த்தால் இந்த வகைத் தவறுகள் பெருமளவு குறையும். எஞ்சியதற்கு, ஒவ்வொரு ஆர்டருக்கும் மாறாத ஓர் அடையாள எண்ணைப் பேமென்ட்டோடு அனுப்பி, அதே எண் இரண்டாம் முறை வந்தால் முதல் பதிலையே திருப்பித் தரச்செய்யவேண்டும்.

மறுமுயற்சியையும் இதோடு சேர்த்தே பார்க்கவேண்டும். மூன்று அடுக்குகள், ஒவ்வொன்றும் தோற்றால் மொத்தம் 3 முறை முயலும் என்று எழுதியிருந்தால், அடியில் தள்ளாடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு கோரிக்கை 27 ஆக வந்து சேரும். மறுமுயற்சி ஒரே அடுக்கில் மட்டும் இருக்கட்டும். எந்த அடுக்கு என்பதையும் மாதிரியில் எழுதிவையுங்கள்.

பெருக்கல் கணக்கும் பொதுவான அடித்தளமும்

ஆர்டர் முடிய ஐந்து பேர் கட்டாயம் வேலை செய்யவேண்டும், ஒவ்வொருவரும் 99.9 விழுக்காடு நேரம் இயங்குகிறார்கள் என்றால், ஐந்தையும் பெருக்கினால் சுமார் 99.5 விழுக்காடுதான் வரும். 30 நாள் மாதத்தில் ஒருவர் மட்டும் என்றால் 43 நிமிடம் நிற்கலாம். ஐந்து பேர் சங்கிலியில் அது சுமார் 3 மணி 35 நிமிடமாகிறது. அதனால்தான் ‘கட்டாயம்’, ‘இருந்தால் நல்லது’ என்ற பிரிவு கோட்டின் முக்கியமான பண்பு. ‘இதோடு இதையும் வாங்குங்கள்’ என்று பரிந்துரைக்கும் பகுதி இல்லாமல் போனால் அதிரசம் விற்காமலா போகும்? ஆனால் நிரலில் அந்த அழைப்பு தோற்றவுடன் பக்கம் முழுவதும் தோற்கும்படி எழுதியிருந்தால், படத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது கட்டாய உறவுதான்.

மாற்று ஏற்பாடு வைத்தால் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பும்: 99 விழுக்காட்டுக் கருவிகள் இரண்டு இருந்து, ஒன்று போதும் என்றால் 99.99. இது இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் பழுதாகும் என்ற நிபந்தனையில் மட்டுமே பொருந்தும். கானாடுகாத்தான் பேக்கிங் கூடத்துக்கு இரண்டு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கியிருக்கலாம். இரண்டு ஃபைபரும் ஒரே மின்கம்பத்தில் தொங்கிவந்தால், அல்லது சாலையோரம் ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால், ஜேசிபி ஒருமுறை கொத்தினால் இரண்டும் போகும். இரண்டு ரூட்டரும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகியிருந்தாலும் இதே கதைதான். ஆகவே ‘மேல் ஓடுகிறது’ என்ற உறவை மென்பொருளோடு நிறுத்தாமல் கம்பம் வரை, பிளக் பாயின்ட் வரை கொண்டுபோகவேண்டும். வேறு வழியில் வரும் இரண்டாவது இணைப்பு வேண்டுமென்றால் மொபைல் டேட்டா சிம் போட்ட ரூட்டர் போதும். லேபிள் அச்சிடுவதற்கு அந்த வேகம் தாராளம்.

பெரியவர்களும் இதில் தப்பவில்லை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 ஸ்டோரேஜ் வடக்கு வர்ஜீனியாவில் நின்றபோது, சேவைகளின் நிலையைக் காட்டும் அறிவிப்புப் பலகையை மாற்றும் கருவியே எஸ்3-ஐ நம்பியிருந்ததால், முதல் 2 மணி நேரம் பலகையில் நிலையை மாற்ற முடியவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு வலையைத் துண்டித்தது. டேட்டா சென்டரை எட்டமுடியாத டிஎன்எஸ் சர்வர்கள் (தளத்தின் பெயரை முகவரியாக்கித் தருபவை), வடிவமைத்தபடியே, தங்களை எட்டும் வழியை இணையத்துக்குச் சொல்லும் பாதை அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. சரிசெய்யவேண்டிய உள் கருவிகளும் அதே வலையையும் அதே டிஎன்எஸ்ஸையும் நம்பியிருந்தன. இரண்டு நிகழ்விலும் விடுபட்டது ஒரே வகைக் கோடு: பழுதுபார்க்கும் கருவி, பழுதாகும் பொருளை நம்பியிருப்பது.

இதற்கு நெருங்கிய உறவு வட்டச் சார்பு. டேட்டாபேஸின் கடவுச்சொல் ஒரு ரகசியப் பெட்டக சர்வீஸில் இருக்கிறது. அந்தப் பெட்டகம் தன் தகவலை வைத்திருப்பது அதே டேட்டாபேஸில். ஓடிக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கடவுச்சொல் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கிறது. எல்லாம் ஒருசேர நின்று மறுபடி தொடங்கும்போது இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். எனவே ‘ஓடத் தேவை’, ‘தொடங்கத் தேவை’ என்று இரண்டு தனிக் கோடுகள் வேண்டும். ஓடும்போது வட்டம் இருந்தால் சில சமயம் பொறுத்துக்கொள்ளலாம். தொடக்கக் கோடுகளில் வட்டம் இருந்தால் அன்றைக்கே அவிழ்க்கவேண்டும்.

யார் போனால் யார் போகவேண்டும்

உடைமை உறவு அழிக்கும் நேரத்தில்தான் தன் முகத்தைக் காட்டும். குபர்நெட்டிஸில் டெப்ளாய்மென்ட் (எந்த நிரல், எத்தனை பிரதி என்ற அறிவிப்பு) ஒரு ரெப்ளிகாசெட்டை (அந்த எண்ணிக்கையைக் காப்பதை) உடையது, அது பாட்களை உடையது. ஒவ்வொரு பிள்ளையும் தன் உடைமையாளர் யார் என்பதைத் தன்னிடமே எழுதிவைத்திருக்கும். மேலே இருப்பதை அழித்தால் கீழே இருப்பவை துப்புரவாகும். ஆனால் ஒரு குபர்நெட்டிஸ் ‘சர்வீஸ்’, எந்தப் பாட்களுக்குக் கோரிக்கையை அனுப்பவேண்டும் என்பதைப் பெயர் சொல்லி வைத்திருப்பதில்லை. லேபிள் (பாட்டில் எழுதிய குறிச்சொல்) பொருந்துகிற பாட்களை அது அவ்வப்போது தேடிக்கொள்கிறது. உறவு எங்கும் எழுதப்படவில்லை, கணக்கிடப்படுகிறது. லேபிளில் ஓர் எழுத்து பிழையாகிவிட்டால் பிழைச்செய்தி ஏதும் வராது; சர்வீஸ் இருக்கும், பாட்கள் ஓடும், நடுவே முகவரிப் பட்டியல் காலியாக இருக்கும். சர்வீஸ் பதிலளிக்கவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.

டிஸ்க் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தேவைக்கேற்பத் தானாக உருவாகும் வால்யூம்களுக்கு (டிஸ்க் பகுதிகளுக்கு) இயல்பான விதி ‘அழி’: அதைக் கேட்டு வாங்கிய கோரிக்கைப் பொருளை நீக்கினால் உள்ளிருக்கும் தகவலும் போகும். டேட்டாபேஸுக்கு இந்த விதி ‘வைத்திரு’ என்று மாற்றப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பயன்பாட்டில் இருக்கும்போது அழிக்கவிடாமல் தடுக்கும் ஃபைனலைசர் ஒன்று இருக்கிறது. பாட் போனபின் அதுவும் விலகிவிடும்.

சில உறவுகள் கெடு வைத்தவை. வாடிக்கையாளர் கூடையில் போட்ட 2 கிலோ சீப்புச் சீடையை 15 நிமிடம் அவருக்கென்று ஒதுக்குகிறோம். பணம் கட்டவில்லையென்றால் யாரும் கேட்காமலே ஒதுக்கீடு கலையவேண்டும். ‘லீஸ்’ என்ற இந்த முறையை 1989-ல் கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் ஃபைல் கேஷ்களுக்காக முன்வைத்தார்கள். வலைச் சேவைகளுக்காக 2006-ல் தரமான டபிள்யூஎஸ்-ரிசோர்ஸ் ஃபிரேம்வொர்க், ரிசோர்ஸுக்கே முடிவு நேரம் குறிக்க வழிசெய்தது. குறித்த நாளில் காலாவதியாகும் லெட்ஸ் என்கிரிப்ட் (இலவசமாக வழங்கப்படும்) டிஎல்எஸ் சான்றிதழும் கெடு வைத்த உறவுதான். கோட்டில் தேதி இல்லாததால் அது நின்றபிறகுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது.

மாதிரி எங்கிருந்து வரும்

மூன்று ஊற்றுகள் உண்டு. ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். முதலாவது எழுதிவைத்தது: ரிசோர்ஸ்களைக் கோப்பில் எழுதி உருவாக்க உதவும் டெராஃபார்ம் கருவியின் கோப்புகளும் குபர்நெட்டிஸ் யாமல்களும். டெராஃபார்ம் ஒரு ரிசோர்ஸ் மற்றொன்றின் பண்பைச் சுட்டுவதிலிருந்தே சார்பைத் தானாக ஊகித்துக்கொள்ளும். உருவாக்கும் வரிசை அதற்குத் தெரியும், ஓடும்போது யார் யாரை அழைக்கிறார்கள் என்பது தெரியாது. இரண்டாவது, கிளவுடில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்கும் பட்டியல். அவசரத்தில் கையால் செய்த மாற்றங்கள் இதில்தான் அகப்படும். மூன்றாவது, கோரிக்கைகளைப் பின்தொடரும் டிரேஸ். கூகுள் 2010-ல் விவரித்த டாப்பர் என்ற கருவியிலிருந்து இன்றைய ஓபன்டெலிமெட்ரி வரை இதே வழிதான்.

டிரேஸ் காட்டுவது நடந்ததை மட்டும். டாப்பரின் முதல் வடிவம் 1,024 கோரிக்கைகளுக்குச் சராசரியாக ஒன்றைத்தான் பதிவுசெய்தது. மாதம் ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டி படிவம்) தாக்கலுக்காக டேட்டாபேஸின் பிரதியிலிருந்து விற்பனைக் கணக்கை எடுக்கும் ஒரு நிரல் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு வார டிரேஸில் அந்தப் பிரதியை யாரும் தொடவே இல்லை. வீண் செலவு என்று நீக்கினால், அடுத்த மாதம் 11-ஆம் தேதிக் கெடு நெருங்கும்போது தெரியும். ஒரு கோடு இல்லை என்று முடிவுகட்ட, அந்த வியாபாரத்தின் மிக நீண்ட சுற்று எதுவோ அத்தனை நாள் பார்த்திருக்கவேண்டும்.

சேமிக்க, உறவுகளுக்கென்றே உள்ள கிராஃப் டேட்டாபேஸ் தேடிப் போகவேண்டாம். இந்த அளவுக் கடைக்கு ஒரே அட்டவணை போதும்: யாரிடமிருந்து, யாரை நோக்கி, உறவின் வகை, ஓடவா தொடங்கவா, கட்டாயமா இல்லையா, உச்ச அளவு, காத்திருப்பு நேரம், எந்த ஊற்றிலிருந்து வந்தது, கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது, பொறுப்பு யார். ‘யுபிஎஸ் நின்றால் எது எதெல்லாம் நிற்கும்’ என்ற கேள்விக்குப் போஸ்ட்கிரெஸிலேயே ஒரு ரிகர்சிவ் வினவல் (கிடைத்த விடையிலிருந்தே மறுபடி தேடுவது) பதில் தரும். அதில் வட்டங்களில் சிக்காமலிருக்க, கடந்துவந்த முனைகளை ஒரு வரிசையில் சேர்த்துக்கொண்டே போகவேண்டும். இல்லையென்றால், வட்டம் இருக்கும்போது வினவல் முடியாமலே போகலாம். அட்டவணையின் ஒரு பிரதி, அச்சிட்ட தாளாகவோ ஒருவரின் லேப்டாப்பிலோ, இந்த சிஸ்டத்துக்கு வெளியே இருக்கவேண்டும்.

அட்டவணை உண்மையா என்று பார்க்க ஒரே வழி எதையாவது நிறுத்திப் பார்ப்பதுதான். ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ரெடிஸை 5 நிமிடம் நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன்பே, அட்டவணையைப் பார்த்து எது நிற்கும், எது மெதுவாகும், எதற்கு ஒன்றும் ஆகாது என்று எழுதிவையுங்கள். எதிர்பாராமல் நின்றது ஒவ்வொன்றும் விடுபட்ட ஒரு கோடு. நிற்கும் என்று எழுதியும் நிற்காதது பழையதாகிப்போன ஒரு கோடு. அடுத்த செவ்வாய் க்யூ, அதற்கடுத்து பேக்கிங் கூடத்தின் முதல் இணைய இணைப்பு. தீபாவளி ஆர்டர் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது இந்தச் சோதனைகளை நிறுத்திவிட்டு, கண்டுபிடித்தவற்றைச் சரிசெய்யும் வேலையில் இறங்கலாம்.